துணிக்கு மேல் போடும் கவர்

முதலில் போனது செருப்பு. மணலியில் ஒரு கம்பெனி கேன்டீனில் எனக்குச் சமையல் வேலை. ஒரு நாள் காலை பஸ்ஸைவிட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த பெண் ஒருத்தி, "யக்கா, செருப்ப அங்கியே வுட்டுட்டு எங்க போற?" என்று ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். குனிந்து பார்த்தால் இடது கால் வெறுங்காலாக இருக்கிறது. ஜல்லி பெயர்ந்த தார் ரோட்டில் அப்படியே நடந்து வந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. சிரித்து மழுப்பி மாட்டிக்கொண்டேன். கொஞ்ச நாள் கழித்துச் சோறு வடிக்கும்போது அதே கால்மேல் கஞ்சி கொட்டியது. கூட இருந்தவர்கள் எல்லாரும் கத்தினார்கள், நான் மட்டும் கத்தவில்லை. கொப்புளம் வந்த பிறகும் வலிக்கவில்லை. அப்போதுதான் வீட்டில் காட்டினேன்.

என் வீட்டுக்காரர் சேகர், துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டுகிறார். திருவொற்றியூரில் லைன் வீட்டில் இருக்கிறோம். கொப்புளத்தைப் பார்த்ததும் அவர் ஒரு வார்த்தைதான் சொன்னார். "கெளம்பு." அன்றைய லோடை வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டு என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

ஆஸ்பத்திரி என்றால் காத்திருப்பதுதான். சீட்டுக்கு ஒரு வரிசை, ரத்தம் எடுக்க ஒரு வரிசை, ஸ்கேனுக்கு நாள் குறிக்க ஒரு வரிசை. பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் "உனக்கு இன்னா?" என்று கேட்பார்கள். நாம் சொல்லி முடிப்பதற்குள் அதே மாதிரி வந்து செத்துப்போன தங்கள் சொந்தக்காரர் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். இதைக் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, பொழுது போகாமல் செய்கிறார்கள். நான் அந்த வாரங்களில் செத்தவர்கள் கதையாகக் கேட்டேன்.

எம்.ஆர்.ஐ. எடுக்கிற மிஷினுக்குள் படுத்திருந்தபோது யாரோ தலைக்குப் பக்கத்தில் இரும்புக் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பது போல இருந்தது. படம் வந்த பிறகு டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். "முதுகெலும்புக்கு உள்ள தண்டுவடம்னு ஒண்ணு ஓடுதும்மா. மூளையிலிருந்து கீழே போற நரம்பு எல்லாம் அதுலதான் கட்டா வருது. உங்களுக்கு நடு முதுகுல ஒரு கட்டி அதை அழுத்துது. அதனாலதான் கால்ல உணர்ச்சி போச்சு."

"புத்துங்களா சார்?" என்று சேகர் கேட்டார்.

"பார்த்தா அப்படித் தெரியலை. எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாத்தான் உறுதியா சொல்ல முடியும். எடுக்கலைன்னா கொஞ்ச நாள்ல நடக்கவே முடியாம போயிடும்."

வெளியே வந்து சேகர் டீ வாங்கிக்கொடுத்தார். அவர் கையில் இருந்த டீ ஆறிப்போய் ஆடை படிந்தது. அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி புற்று இல்லை என்று தாள் வந்தது. நல்ல சேதிதான், நானும் கும்பிட்டேன். கால் மெல்ல மெல்ல உயிர் பெற்றது. முதலில் கட்டைவிரல் ஆடியது, பிறகு கணுக்கால், பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி நடந்தேன். சேகர் சாப்பாட்டுக் கேரியரைத் தரையில் வைத்துவிட்டுக் கை தட்டினார். வார்டே திரும்பிப் பார்த்தது.

அதற்கு மறுநாள் மூத்திரக் குழாயை எடுத்தார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில் அம்மா தன் பெண்ணிடம், "அங்க ஏதோ தண்ணி கொட்டிகீது பாரு" என்றார். கொட்டிக்கொண்டிருந்தது நான்தான். கட்டிலிலிருந்து சொட்டித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. வந்ததே எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தாறு வயதில், வேட்டி கட்டிய அந்நியர்கள் நடந்து போகிற வார்டில், இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நனைந்துகொண்டிருந்தேன். அந்த நிமிஷத்தில் செத்துப்போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நிஜமாகவே நினைத்தேன்.

டாக்டர் இதையும் விளக்கினார். மூத்திரப்பை நிறைந்தால் மூளைக்குச் சேதி போகும், மூளை "இரு, இடம் வரட்டும்" என்று பதில் அனுப்பும். எனக்கு அந்தப் போக்குவரத்து நின்றுவிட்டது. பை தன் இஷ்டத்துக்குச் சுருங்குகிறது. அது திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். மாத்திரை கொடுத்தார்கள். மெல்லிய குழாய் ஒன்றை நானே செலுத்தி, சில மணிக்கு ஒருமுறை பையைக் காலி செய்ய ஒரு சிஸ்டர் கற்றுக்கொடுத்தார். அது பழகிவிட்டது. ஆனால் இரண்டு தடவைக்கு நடுவில் ஒழுகுவது நிற்கவில்லை. இன்றுவரை நிற்கவில்லை.

கடை டயப்பர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் தொடை இடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்தது. அந்தச் சிஸ்டர்தான், "பருத்தித் துணியை மடிச்சுக் கட்டுங்க, மேலே தண்ணி இறங்காத கவர் ஒண்ணு போட்டுக்கங்க" என்றார். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எந்தக் கவர், எப்படித் துவைப்பது, இதையெல்லாம் யார் சொல்வார்கள்? யாரும் சொல்ல மாட்டார்கள். புடவை எடுக்கப் போனால் பத்துப் பேர் கூட வருவார்கள், இதற்கு யாரைக் கூப்பிடுவது?

அதனால் நான் பட்டு அறிந்ததைச் சொல்கிறேன். முதலில் ஆஸ்பத்திரி எதிர்க் கடையில் ஒரு பிளாஸ்டிக் ஜட்டி வாங்கினோம். எல்லாருக்கும் ஒரே சைஸ். நடந்தால் சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்குகிற சத்தம் வரும், உட்கார்ந்தால் ரப்பர் தொடையை அறுக்கும். இறுக்கமாக இருந்தால் ஒழுகாது என்று நினைத்துச் சகித்துக்கொண்டேன். அது தப்பு. தொடையில் ஒரு விரல் நுழைகிற அளவுக்குப் பிடித்தால் போதும். ஒழுகுவது இறுக்கம் போதாமல் இல்லை. உள்ளே இருக்கும் துணியின் ஒரு முனை கவரைவிட்டு வெளியே எட்டிப் பார்த்தாலே அந்த முனை வழியாக ஈரம் முழுதும் பாவாடைக்கு ஏறிவிடும். போட்டு முடித்ததும் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டித் துணியை உள்ளே தள்ள வேண்டும். இந்தச் சின்ன விஷயம் புரிவதற்கு எத்தனை பாவாடை நனைந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

பிறகு சேகர் தன் போனில் தேடி வேறு வகை வரவழைத்தார். வெளியே மெத்தென்ற துணி, உள்பக்கம் துணியோடு ஒட்டிய மெல்லிய படலம், இடுப்பில் பொத்தான். சத்தம் இல்லை, சூடும் குறைவு. தொப்புளுக்குக் கீழே இடுப்பையும், தொடை பருமனாக இருக்கிற இடத்தையும் அளந்து வாங்க வேண்டும். நம் புடவைக் கணக்கு, ஜாக்கெட் கணக்கு இதற்கு உதவாது. நான்கு வாங்கினோம். ஒன்று உடம்பில், ஒன்று காய்கிற கொடியில், இரண்டு கையிருப்பில்.

துவைப்பது சேகர். என்னால் குனிய முடியாது. வண்டிக்குப் போவதற்கு முன் பொதுக் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் துணிகளை அலசுவார். எதிர் வீட்டு ஆள் ஒருநாள் கேட்டார். "இன்னா சேகரு, பொண்டாட்டி துணிய தொவைச்சிகினு கீற?"

"ஆமா. உன்துகூட வேணா குடு, சேத்து கசக்கி தர்றேன்."

உள்ளே கட்டிலில் படுத்திருந்த நான் சிரித்தேன். சிரித்ததில் நனைந்துவிட்டேன். அதற்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

கவர் விஷயத்தில் நாங்கள் செய்த பெரிய முட்டாள்தனம் பிளீச்சிங் பவுடர். எங்கள் பக்கத்தில் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து வடிந்தால் முதல் வேலை பிளீச்சிங் பவுடர் தூவுவதுதான். சாக்கடை பொங்கினால் அது, எலி செத்தால் அது. எந்த நாற்றத்துக்கும் எங்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான். கவரில் வாடை நிற்கிறது என்று நான் புலம்ப, சேகர் ஒரு வாளித் தண்ணீரில் தாராளமாகப் போட்டுக் கலக்கி இரண்டு கவரை ஊறவைத்துவிட்டு வண்டிக்குப் போய்விட்டார். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் உள்படலம் வெயிலில் உரிந்த தோலைப் போலச் சுருண்டு வந்தது. துணி மட்டும் பளிச்சென்று வாசனையாக இருந்தது. "போச்சா?" என்றார். "போச்சு" என்றேன். மறுபடி வாங்குவதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தோம்.

பச்சைத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, அவ்வளவுதான் அதற்கு வேண்டும். வெந்நீர் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது, இஸ்திரி கூடாது. துணிக்கென்று கடையில் விற்கிற வாசனைத் தண்ணீர் ஊற்றி அலசக் கூடாது. புண்ணுக்குத் தேங்காயெண்ணெய் தடவினால் அது துணியில் ஏறி, துணி ஈரத்தைக் குடிக்காமல் விட்டுவிடும். உச்சி வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விட வேண்டும். மொட்டை மாடியில் போட்டால் எங்கள் ஊர்க் காற்றில் வருகிற கரித்தூள் படிந்துவிடும், அதனால் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டினோம். வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாது என்று அதன்மேல் என் புடவையை விரித்துவைப்பேன். அப்புறம் வருகிறவர்களும் குறைந்தார்கள். நான்தான் குறைத்தேன்.

என் பிறந்த வீட்டுக்கும் சொல்லவில்லை. அம்மா எண்ணூரில் கடலோரக் குப்பத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள். வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ ஏறினால் போய்விடலாம். ஆனால் போனால் தரையில்தான் உட்கார வேண்டும், பக்கத்தில் ஒட்டி உட்காருவார்கள், பாய் நனைந்தால்? முதுகில் கட்டி எடுத்தார்கள், கால் சரியாகவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தேன். அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று தெரிந்ததும் அண்ணி கஸ்தூரிக்குப் போன் போட்டு, "நான் வரட்டா அண்ணி?" என்பேன்.

"அத்த நல்லாத்தான் கீறாங்க. நீ கால பாத்துக்க. இப்ப வர வேணாம்" என்பார் அண்ணி. ஒவ்வொரு தடவையும் இதே பதில்தான். அம்மாவைக் கவனிக்காமல் போட்டிருக்கிறாள், நான் பார்த்துவிடக் கூடாது என்றுதான் தடுக்கிறாள் என்று நினைத்து வயிறு எரியும். போனை வைத்ததும் கொஞ்சம் நிம்மதியாகவும் இருக்கும்.

ஆனாலும் பழகிக்கொண்டிருந்தேன். சமையலறைத் தரையில் பழைய பேப்பரை விரித்து, துணியும் கவரும் கட்டி, அதன்மேல் உட்கார்ந்துகொள்வேன். எழுந்ததும் பேப்பரைத் தடவிப் பார்ப்பேன். ஒரு சீரியல் முடிகிறவரை தாங்கியது, பிறகு இரண்டு சீரியல். அரைநாள் தாங்கினால் அம்மாவைப் பார்க்கப் போவது என்று வைத்திருந்தேன்.

அண்ணன் போன் செய்தான். "அம்மா போயிடுச்சு. வா."

எங்கள் ஜனத்தில் மகள் வந்து தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டால் பிணம் எடுக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. தண்ணீர் குடிக்க எழுந்தாலே பேச்சாகிவிடும். பெற்றவளுக்கு ஒரு பொழுது உட்கார முடியாதவள் என்று ஆயுசுக்கும் சொல்வார்கள். பேச்சு கிடக்கட்டும், உயிரோடு இருக்கும்போது போய் உட்காரவில்லை, இப்போதாவது உட்கார வேண்டும். அது ஒன்றுதான் என் மனதில் இருந்தது. குழாயால் பையைக் காலி செய்தேன், துணியை இரட்டையாக மடித்துக் கட்டினேன். இருந்த இரண்டு கவரில் ஒன்று உடம்பில், ஒன்று கைப்பையில். குளிப்பாட்டத் தூக்கும்போது எப்படியும் எழுந்தாக வேண்டும், அப்போது பாத்ரூம் போய் மாற்றிக்கொண்டால் தாங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

அம்மா ஐஸ் பெட்டிக்குள் சுருங்கிக் கிடந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்தேன். வந்த பெண்களெல்லாம் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். பாதி மனசு அம்மாவிடம், பாதி மனசு பாயிடம்.

மதியம் குளிப்பாட்ட எடுத்தார்கள். புடவைகளைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். நான் ஊன்றி வந்த கோல் ஈரத்தில் வழுக்கிவிடும் என்று என்னை ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். தண்ணீர் ஊற்றித் துடைத்து, புதுப் புடவை சுற்றுவதற்காக அம்மாவை ஒருக்களித்தபோது உடம்பிலிருந்து மூத்திரம் வழிந்தது. துடைத்தார்கள், மறுபடி வழிந்தது.

"பஞ்சு வெச்சி அழுத்தும்மே" என்றாள் ஒருத்தி.

"புதுப் பொடவல்லாம் பூடும். பிளாஸ்டிக் எதுனா கீதா, சுத்திவுடலாம்?" என்றாள் இன்னொருத்தி.

அப்போதுதான் அம்மாவின் தொடையைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பட்டையாகப் புண், ஆறியதும் ஆறாததுமாக. பிளாஸ்டிக் அறுத்த புண். எனக்கு அந்தத் தழும்பை நன்றாகத் தெரியும். என் தொடையிலும் இருக்கிறது.

நான் யோசிக்கவில்லை. பையைத் திறந்து மடித்த துணியையும் கவரையும் எடுத்தேன். "தள்ளுங்க" என்று அம்மா பக்கத்தில் போனேன். துணியை வைத்து, கவரைப் போட்டு, பொத்தானை மாட்டி, விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டி முனையை உள்ளே தள்ளினேன். எலும்பும் தோலுமாக இருந்தாள், கடைசிப் பொத்தான் வரை இழுக்க வேண்டியிருந்தது. பெண்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி என் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

புடவை கட்டி, பொட்டு வைத்து, அம்மாவை வாசலில் கிடத்தினார்கள். மறுபடி தலைமாட்டில் உட்கார்ந்தேன். இனி மாற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. வாய்க்கரிசி போட வரிசை நீண்டது. அத்திப்பட்டிலிருந்து வர வேண்டியவர்களுக்காக நேரம் தள்ளிப்போனது. மோளம் அடித்துக்கொண்டே இருந்தார்கள். முதலில் தொடை ஓரம் சில்லென்றது. பிறகு பாவாடை. பிறகு நான் கையைப் பின்னால் வைத்துத் தடவியபோது புடவையும் நனைந்திருந்தது. தூக்கும்போது எல்லாரும் எழுந்திருப்பார்கள். நானும் எழுந்திருக்க வேண்டும், பின்னால் குப்பமே நிற்கிறது.

"தூக்குங்கப்பா" என்று யாரோ சொன்னார்கள்.

அப்போது அண்ணி உள்ளேயிருந்து ஒரு குடம் தண்ணீரோடு வந்தார். என்னைக் கட்டிப் பிடித்து உட்கார்ந்து, "எங்க அத்த போறாங்களே" என்று பெரிதாக ஓலமிட்டு, குடத்தை அப்படியே எங்கள் இருவர் தலையிலும் கவிழ்த்தார். அம்மாவை எடுத்துப் போன பிறகுதான் பெண்கள் தலைக்கு ஊற்றிக்கொள்வது வழக்கம். "இன்னாத்துக்குமே இப்பவே ஊத்திக்கின?" என்று ஒரு பெரியவர் அதட்டினார். துக்கத்தில் தெரியாமல் செய்துவிட்டாள் என்று விட்டுவிட்டார்கள். உச்சி முதல் கால்வரை சொட்டச் சொட்ட நான் எழுந்து நின்றேன். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

தெருமுனைவரை அண்ணி தோளைப் பிடித்து நடந்தேன். ஆண்கள் அம்மாவைக் கொண்டுபோனார்கள். பெண்கள் நின்ற இடத்தில் அண்ணி என் காதோடு கேட்டார். "எத்தினி நாளா தேவகி?"

"ஆபரேஷன்லர்ந்தே அண்ணி. வெக்கமா இருந்திச்சி."

"அத்தைக்கு நான் அரிசிச் சாக்குக்குள்ள இருக்குற பிளாஸ்டிக்கத்தான் வெட்டி கட்டிவுட்டேன். இப்டி ஒண்ணு கீதுன்னே எனக்கு தெரியல."

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒன்ன கூப்டுறேன்னு எத்தினியோ தபா சொன்னேன். வேணாம்னுட்டாங்க. தேவகி சுத்தக்காரி, என் மேல மூத்திர வாட அடிக்குது, அது இங்க வரவே கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிகினாங்க."